மாங்கண்டிகைக்கு வழி உண்டு

மலைமேல் நின்று இந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தணிகைவேலனை வணங்கித் தொடங்குகிறேன்.

ஆடிக் கிருத்திகை முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஈரம் காயாத காலோடு மேடையில் வீற்றிருக்கும் ஐயா சுந்தரமூர்த்தி அவர்களே! புகையில் கண் சிவந்தாலும் பொங்கலின் பதம் தவறவிடாத மடப்பள்ளிப் பெரியோர்களே! அவர்களுள் ஒருவராக முன்வரிசையில் அமர்ந்து, 'இவள் வாயைத் திறந்து என்னென்ன வம்பை வாங்கப் போகிறாளோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பா வெங்கடசுப்பிரமணியன் அவர்களே! தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பொதட்டூர்பேட்டையிலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! எல்லை என்று ஒன்று இருப்பதையே எண்ணிப் பாராமல் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் நைனாக்களே, பாவாக்களே! பிள்ளையை இடுப்பிலும் குடும்பத்தைத் தோளிலும் சுமந்து வந்து, நாற்காலி போதாமல் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒருவர் பாக்கி. மேடையில் எனக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி இருக்கிறது. அதன்மேல் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. அதற்கு முன்னால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். அவசர ஊர்திகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரி வந்து அமர வேண்டிய இடம் அது. 'அவசியம் வருகிறேன்' என்றார். அவசர வேலை வந்துவிட்டதாம். காலி நாற்காலியே, உனக்கும் என் வணக்கம்! நீயாவது எழுந்து போகாமல் இறுதிவரை இருந்து கேள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் சிரிப்பு வராது.

என் பெயர் ஹம்சா. சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். மேடையேறும்போது தலைவர் ஐயா என் காதருகே வந்து, "ஹம்சா, கோவப்படாம பேசும்மா. பெரிய எடத்து ஆளுங்க வராங்க" என்றார். ஐயா, பெரிய இடத்து ஆள் வரவில்லை. கோபம் வந்துவிட்டது. வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைப்பது நம் ஊர் வழக்கமா? இல்லையே! ஆகவே உட்கார வைத்துத்தான் பேசப் போகிறேன்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பின்வரிசையின் கடைசியில் எழிலன் நிற்கிறார். என்னோடு ஒரே ரயிலில் சென்னைக்குப் போய் வருபவர், என்னோடு சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கியவர். அந்தச் செயலியை இப்போது தன் கைபேசியிலிருந்து பக்கத்தில் இருப்பவரின் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். வாங்கியவர் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இதற்கு இணையம் வேண்டாம், டவர் வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம். கோயிலில் பொங்கல் தொன்னையை வாங்கிப் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டே வருவீர்களே, அப்படி! நான் பேசி முடிப்பதற்குள் அது கடைசி வரிசையிலிருந்து இந்த மேடைக்கு வந்து சேர வேண்டும். அது என்ன, எதற்கு என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

தாய்மார்களே! பொதட்டூர்பேட்டை தாண்டிப் போனால் மாங்கண்டிகை என்று ஒரு சிற்றூர். சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. அங்கே பங்காரு என்ற விவசாயி. அவருடைய மகள் கனிமொழி. நமது எழிலனின் அக்கா. சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகை அன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. குறித்த நாள் இன்னும் தள்ளி இருந்தது. ஆனால் வலி நாள் பார்த்தா வருகிறது?

ஆடிக் கிருத்திகை அன்று ஊர் எப்படி இருக்கும்? நான் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் வைத்திருப்பவன் டிராக்டரில், ஆட்டோ வைத்திருப்பவன் ஆட்டோவில், எதுவும் இல்லாதவன் காவடியோடு காலால், எல்லோரும் மலைக்கு வந்துவிடுவோம். மாங்கண்டிகையில் ஒரு வண்டி இல்லை. ஓட்ட ஓர் ஆள் இல்லை. பங்காரு ஐயா என்ன செய்தார்? தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினார். அந்த ஊரில் தொட்டியின் உச்சியில் மட்டும்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். அங்கே நின்று அவசர ஊர்தியைக் கூப்பிட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது என்றார்கள். அவர் கீழே இறங்கினார்.

கட்டிலில் கிடந்த கனிமொழி கேட்டாளாம்: "நைனா, வண்டி வருதா?"

"வந்துகினு இருக்குதும்மா. தோ, வந்துகினே இருக்குது."

வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவில்லை!

ஏன் வரவில்லை? ஓட்டுநர் தூங்கினாரா? டீசல் தீர்ந்ததா? இல்லை. ஓட்டுநர் ஆதிகேசவன் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், இங்கே மாற்றலாகி வந்த புதிது. பொதட்டூர்பேட்டை வரை பறந்து வந்திருக்கிறார். அங்கே அவருடைய கைபேசியில் இணையம் போனது. லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றியும் வழிநெடுகவும் குழுமி ஒரே நேரத்தில் பேசினால் டவர் தாங்குமா? திரையில் ஒரு வட்டம் வந்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே ஓர் உயிர் துடிக்கிறது, வெளியே ஒரு வட்டம் சுற்றுகிறது! குளிர்ந்த அறையில் அமர்ந்து அந்த வட்டத்தை வரைந்தவனே, அந்த வட்டம் நிற்பதற்காகக் காத்திருப்பவளின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று ஒரு நொடியாவது நினைத்தாயா?

பொறுங்கள், கதை இன்னும் இருக்கிறது. ஆதிகேசவன் ஒன்றும் ஏமாளி இல்லை. இணையம் போகலாம் என்று எண்ணி, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடம் ஒன்றை முன்கூட்டியே வண்டியின் கருவியில் இறக்கி வைத்திருந்தார். அலுவலகம் ஒப்புதல் தந்த வரைபடம் அது. அதைத் திறந்தார். வழி காட்டியது. போனார். மாங்கண்டிகைச் சாலை எப்படிப் போகும் என்று அங்கே பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும். நம் மாநிலத்தில் புறப்பட்டு, புளியமரத்து வளைவில் ஆந்திரத்துக்குள் நுழைந்து, கொஞ்ச தூரம் அங்கே போய், மறுபடி நம் மாநிலத்துக்குள் வந்து விழும். நமக்கு அது ஒரே சாலை. பால்காரருக்கு ஒரே சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரே சாலை. ஆட்டுக்கு ஒரே சாலை! ஆனால் அந்த வரைபடத்தை உருவாக்கியவர்கள் மாநிலம் மாநிலமாக அறுத்து வைத்திருந்தார்கள். தமிழ்நாடு ஒரு பொட்டலம், ஆந்திரம் ஒரு பொட்டலம். ஆதிகேசவனிடம் இருந்தது ஒரு பொட்டலம் மட்டும்.

புளியமரத்து வளைவை வண்டி நெருங்கியது. திரை வெளுத்தது. சாலை இல்லை, மரம் இல்லை, ஊர் இல்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் ஒரு நீலப் புள்ளி, அதுதான் அவருடைய வண்டி. அதன் கீழே எழுத்து: 'வழி இல்லை.'

வழி இல்லையாம்! கண்ணாடிக்கு முன்னால் தார்ச்சாலை நீண்டு கிடக்கிறது, கருவி சொல்கிறது வழி இல்லையென்று. போன் போடலாம் என்றால் சிக்னல் இல்லை. வழி கேட்கலாம் என்றால் வயலில் ஆள் இல்லை, வரப்பில் ஆள் இல்லை. எல்லோரும் இங்கே அரோகரா போட்டுக்கொண்டிருக்கிறோம். தவறான சாலைக்கு வந்துவிட்டோம் என்று எண்ணி அந்த மனிதர் வண்டியைத் திருப்பினார். சரியான சாலையைத் தேடி வேறு பக்கம் போனார். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லாச் சாலையிலும் தேடினார். இருக்கிற சாலையை விட்டுவிட்டு இல்லாத சாலையைத் தேட வைத்தார்கள்.

இதற்குள் பொதட்டூர்பேட்டைக் கந்தன், எல்லைக்கு அப்பாலுள்ள சந்தைக்கு லுங்கி மூட்டை ஏற்றிப் போய்த் திரும்பியவர், வழியில் கைகாட்டிய பங்காரு ஐயாவைக் கண்டு வண்டியை நிறுத்தினார். கந்தன் என்ன சொன்னார் தெரியுமா? "ஏத்துங்க, ஏத்துங்க. விக்காத லுங்கி மூட்டை நெறைய கீது, அது மேலயே படுக்க வெய்ங்க. நான் மெதுவா ஓட்டினு போறேன்." அந்த லுங்கி மூட்டைகளின்மேல், ஓடுகிற வண்டியில், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை.

அழவே இல்லை, தாய்மார்களே.

ஆஸ்பத்திரி வாசலில் மருத்துவர் ஓடி வந்து பார்த்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார். அந்தக் 'கொஞ்சம்' எங்கே போனது? புளியமரத்து வளைவில், அந்த வெள்ளைக்குள் போனது! மலையிலிருந்து இறங்கும் வழியில் செய்தி கேட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, எழிலன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கந்தன் வண்டியிலிருந்து ஒரு புது லுங்கியை உருவி, பிள்ளையைச் சுற்றக் கொடுத்தார்.

விசாரணை நடந்தது. யாரைக் கேட்டார்கள்? வரைபடத்தை அறுத்தவனைக் கேட்டார்களா? அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவரைக் கேட்டார்களா? ஓட்டுநரைக் கேட்டார்கள்! 'ஏன் தாமதம்?' என்று ஆதிகேசவனைக் கேட்டார்கள். 'கவனக்குறைவு' என்று அவர் தலையில் எழுதினார்கள். இணையத்தைக் கேட்கவில்லை, எல்லையைக் கேட்கவில்லை, வெள்ளைத் திரையைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லாத பொருள்களை எல்லாம் விட்டுவிட்டு, கண்ணீர் விடத் தெரிந்த ஒரு மனிதரைக் கேட்டார்கள்.

அங்கே ஓர் ஐயா ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள். ஆங், கேட்டது. "நெட்டு வந்துடும்மா, டவர் போடறேன்னு சொல்லிகினுதானே இருக்கறாங்க" என்கிறார். ஐயா, நீங்கள் நல்லவர், நம்புகிறீர்கள். டவர் வரட்டும். வந்தால் நானே போய்ப் பூசணிக்காய் உடைக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பொதட்டூர்பேட்டையில் டவர் இருந்ததே! இருந்த டவரே கூட்டத்தில் மூச்சுத் திணறி விழுந்ததே! வழி என்பது இருபத்துநாலு மணி நேரமும் இணையத்தின் தயவில் தொங்க வேண்டுமா? மணவூர் தாண்டும்போது ரயிலில் என் கைபேசி ஊமையாகிறது. தண்டவாளமும் ஊமையாகிறதா? ரயில் ஊர் போய்ச் சேரவில்லையா?

அந்த ரயிலில்தான் இந்தச் செயலி பிறந்தது. துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய எழிலன், என் எதிர் இருக்கையில் அமர்ந்து, கைபேசியில் அந்த வெள்ளையைக் காட்டினார். "ஹம்சா, எங்கூட்டுக்கு வழி இல்லன்னு சொல்ற மேப்பு நமக்கு எதுக்கு? நம்மளே போட்லாம் வா" என்றார். போட்டோம். அரக்கோணத்தில் கூட்டம் ஏறி மூச்சு முட்டும். மடியில் கணினி, தோளில் யாரோ ஒருவரின் பை. சிக்னல் போகும் இடமே எங்கள் சோதனைச்சாலை. சிக்னல் இருக்கும்போது இயங்குவதற்கு எல்லோருக்கும் தெரியும். இல்லாதபோது இயங்குகிறதா என்று பார்க்கத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்கள் கைபேசிக்குச் சொல்வது டவர் அல்ல, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள். அது வெயில் மாதிரி, எல்லோர் தலையிலும் படும். ஆந்திரத்துத் தலை, தமிழ்நாட்டுத் தலை என்று பார்க்காது. நாம் நிற்கும் இடம் தெரிகிறது. சுற்றியுள்ள சாலைகள்தான் கைபேசிக்குள் இருக்க வேண்டும். நம் வட்டாரம் முழுவதையும், எல்லைக்கு அப்பாலும் சேர்த்து, உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைவிடச் சிறியதாகச் சுருக்கி உள்ளே வைத்துவிடலாம். வழி கணிப்பதையும் கைபேசியே செய்துகொள்ளும். பெரிய பெரிய ஆட்கள் ஏன் இதை ஒழுங்காகச் செய்யவில்லை? அவர்களுக்கு மாங்கண்டிகையில் வாடிக்கையாளர் இல்லை. கனிமொழி அவர்கள் கணக்கில் இல்லை!

சரி, சாலைகளை எப்படிச் சேர்ப்பது? உலகத்தார் யாரும் கோடு வரையலாம் என்று திறந்துவைத்த பொது வரைபடம் ஒன்று உண்டு. அதிலும் நம் எல்லையோரச் சாலைகள் பாதிக்குமேல் இல்லை. அளந்து வரைய ஆள் வேண்டும். அப்போது எழிலனுக்கு ஒரு யோசனை வந்தது. மாதக் கிருத்திகை தவறாமல் இரண்டு மாநிலத்திலிருந்தும் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் எல்லாச் சாலையும் மிதிக்கிறவர்கள் அல்லவா! காவடியில் பூ கட்டினார்கள், மயிலிறகு கட்டினார்கள், பக்கத்தில் எங்களுக்காக ஒரு கைபேசியையும் கட்டினார்கள். இணையத்தை அணைத்துவிட்டு, போகும் பாதையை மட்டும் பதிய விட்டோம். தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் பாடிக்கொண்டு, எல்லையை எல்லை என்று நினைக்காமல் அவர்கள் நடந்த நடை, கோடு கோடாக எங்கள் கைக்கு வந்தது.

வந்ததா? வந்தது. அதில் ஒரு கூத்தும் சேர்ந்து வந்தது! முதல் சோதனைக்கு என் அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஓர் அம்மன் கோயில் முச்சந்தி. 'வலப்பக்கம் திரும்பவும்' என்றது செயலி. திரும்பினேன். 'வலப்பக்கம் திரும்பவும்.' திரும்பினேன். 'வலப்பக்கம் திரும்பவும்.' புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம். மறுபடியும், 'வலப்பக்கம் திரும்பவும்.' அப்பா என் தோளைத் தட்டி, "என்னடி ஹம்சா, உன் மெஷின் நம்மளை வண்டியோட பிரதட்சணம் பண்ணச் சொல்றதே!" என்றார்.

என்ன நடந்தது தெரிகிறதா? தெரிந்துவிட்டது, அதனால்தான் சிரிக்கிறீர்கள். காவடி எடுப்பவர் முச்சந்திக்கு முச்சந்தி நின்று ஆடுவார் அல்லவா? அந்த ஆட்டத்தையும் சாலை என்று எடுத்துக்கொண்டது செயலி. ஊருக்கு ஊர் சுழி சுழியாக ஒரு வரைபடம்! வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு பிழை வாய்க்காது. எழிலன் உட்கார்ந்து சரிசெய்தார். எப்படி? ஒரே சாலையில் பல குழுக்கள் நடந்த தடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒருவர் ஆடிய ஆட்டம் இன்னொருவர் ஆட்டத்தோடு ஒட்டவில்லை. நடந்த பாதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. ஒட்டாததைக் கழித்தார். சாலை மட்டும் மிஞ்சியது.

இப்போது காலி நாற்காலியின் முறை. சாலைகள் சரியானதும், பழைய கைபேசியிலும் ஓடும்படி செய்து, 'பம்புசெட்டு பங்காரு வீடு' என்று தேடினாலும் கண்டுபிடிக்கும்படி செய்து, இந்த ஆடிக்குள் அவசர ஊர்திகளில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் கொண்டுபோனோம். விலை இல்லை, வாடகை இல்லை, விளம்பரம் இல்லை. அவர் திறந்து பார்த்தார். விரலை வைத்து நகர்த்தினார். புளியமரத்து வளைவுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது அடுத்த ஸ்டேட்டு ரோடும்மா. நம்ம வண்டியில இருக்கக் கூடாது. அதை வெட்டிட்டுக் கொண்டாங்க, பார்க்கலாம்."

வெட்டிவிட்டுக் கொண்டு வர வேண்டுமாம்! எந்த வெட்டினால் ஒரு பிள்ளை போயிற்றோ, அதே வெட்டை நம் கையாலேயே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். எழிலனிடம் சொல்கிறார் இதை. அந்தப் பிள்ளையின் தாய்மாமனிடம்! எழிலன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போகவில்லை. "ஐயா, அந்தச் சாலையில் எங்கள் ஊர்ப் பேருந்து போகிறதே" என்றேன். அவர் பேச்சை மாற்றிச் சிரித்தார். "உங்க ஆப்பு காவடி ஆடுதாமே, கேள்விப்பட்டேன்" என்றார்.

ஆடியது! ஆடியது உண்மை. எங்கள் செயலி ஆடியது, நாங்கள் திருத்தினோம். உங்கள் வரைபடம் வெளுத்தது, நீங்கள் திருத்தினீர்களா? எங்கள் பிழையால் என் அப்பா முச்சந்தியைச் சுற்றி வந்தார், புண்ணியம் கிடைத்தது. உங்கள் பிழையால் கனிமொழிக்கு என்ன கிடைத்தது? எங்கள் பிழையைச் சொல்லிச் சிரிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, உங்கள் பிழையைப் பார்த்து அழ நேரம் இல்லையா? அவசர வேலை என்று வராமல் போனீர்களே, ஊருக்கு வழி சொல்வதைவிட அவசரமான வேலை அவசர ஊர்தி அதிகாரிக்கு வேறென்ன இருக்கிறது?

தலைவர் ஐயா மணிக்கட்டைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா. முடிக்குமுன் கடைசியாக ஒன்று.

தாய்மார்கள் வரிசையில், பச்சைப் புடவை கட்டி, பங்காரு ஐயாவின் தோளில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் கனிமொழி. இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் மறுபடி தாய்மை அடைந்திருக்கிறாள். இந்த ஆடியில்தான் அவளுக்கு நாள்.

ஆம். இந்த ஆடியில்.

யாரோ முணுமுணுப்பது கேட்கிறது: "முன்னாடியே டவுனுக்கு வந்து தங்கிக்க வேண்டியதுதானே?" நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள். சென்ற முறையும் நாள் தள்ளித்தான் இருந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். சரி, கனிமொழியை நகர்த்திவிடலாம். நெஞ்சு வலிக்கும் கிழவரை எப்போது நகர்த்துவீர்கள்? பாம்பு கடிக்கப்போகிறவரை எந்தத் தேதியில் நகர்த்துவீர்கள்? மாங்கண்டிகையையே மூட்டை கட்டி மலையடிவாரத்தில் இறக்கி வைப்பீர்களா? ஊரை நகர்த்த வேண்டாம் ஐயா. வழியைக் காட்டினால் போதும்!

எழிலன், எங்கே வந்திருக்கிறது? கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது என்று கை காட்டுகிறார். என் அப்பாவின் கைபேசிக்குக்கூட வந்துவிட்டது, என்னிடம் தூக்கிக் காட்டுகிறார். அப்படியானால் எல்லோரும் கைபேசியை எடுங்கள். திரையை மேலிருந்து இழுங்கள். இணையத்தை அணையுங்கள். அணையுங்கள் ஐயா, வாட்ஸப் எங்கேயும் ஓடிப்போகாது. அணைத்தாயிற்றா? இப்போது செயலியைத் திறந்து மாங்கண்டிகை என்று தேடுங்கள். தமிழில் எழுதுங்கள், தெலுங்கில் எழுதுங்கள், இரண்டும் அதற்குத் தெரியும்.

கோடு தெரிகிறதா?

ஆங்! மைதானமே சொல்கிறது. இங்கிருந்து புறப்பட்டுப் பொதட்டூர்பேட்டை வழியாகப் போகிறதா? ஆங்! புளியமரத்து வளைவில் கோடு நிற்கிறதா? இல்லை! வெள்ளை தெரிகிறதா? இல்லை! எல்லையைத் தாண்டி, வளைந்து, திரும்பி, பங்காரு ஐயாவின் பம்புசெட்டில் போய்ச் சேருகிறதா? ஆங்! இதைத்தான் வெட்டச் சொன்னார்கள். வெட்டலாமா?

மலைக்குக் கேட்டிருக்கும் உங்கள் குரல்.

தலைவர் ஐயாவின் கைபேசிக்கும் வந்துவிட்டது. அவருக்கு அடுத்து யார்? இந்த நாற்காலி. கைமாறி, கைமாறி வந்த வரைபடம் இங்கே வந்து நிற்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. காலி நாற்காலியே, உன்னை எத்தனை நேரம்தான் காலியாகவே வைத்திருப்பது?

இதோ, பந்தல் காலருகே காக்கிச் சட்டையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். ஆதிகேசவன்! ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கி இல்லாமல் உங்களுக்குக் கேட்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "ஆபீஸ் கருவியில ஏத்தக் கூடாதுன்னு சொல்லட்டும் மேடம். என் சொந்த போன்ல ஏத்திக்கிட்டேன். ஸ்டீயரிங்குக்கு மேல மாட்டிக்கிட்டுதான் ஓட்டுவேன்" என்கிறார். கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! இதற்காக அவர்மேல் நடவடிக்கை என்று ஒரு சொல் வந்தால், இந்த மைதானத்தில் இருக்கும் அத்தனை பேர்மேலும் வரட்டும். நம் எல்லோர் கையிலும் அதே வரைபடம்தான் இருக்கிறது.

ஆதிகேசவன் அண்ணா, மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் அவருக்கு. தயங்காதீர்கள் அண்ணா. 'கவனக்குறைவு' என்று எழுதினார்களே, அவர்கள் கவனிக்காத நாற்காலியில் வந்து உட்காருங்கள். தலைவர் ஐயா அந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்துகிறார். ஐயா, கோபப்படாமல் பேசச் சொன்னீர்கள். உங்கள் கண் ஏன் சிவந்திருக்கிறது?

அதிகாரி அவர்களே, எங்கே இருந்தாலும் கேளுங்கள். காவடி மலையேறுமுன் எல்லா ஊர்திகளிலும் இந்த வரைபடத்தை வெட்டாமல் ஏற்ற அனுமதி கொடுங்கள். கொடுக்காவிட்டால் நாங்கள் இதே தொன்னைக் கணக்கில் ஓட்டுநருக்கு ஓட்டுநர் கைமாற்றிக்கொண்டே போவோம். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாயிற்று.

ஆதிகேசவன் அண்ணா கனிமொழியைப் பார்த்து ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்புகிறேன். சொல்லுங்கள் அண்ணா.

"தங்கச்சி, இந்தத் தடவ கூப்பிடும்மா. நான் வர்றேன். வழி இருக்கு."

கனிமொழி தலையை அசைக்கிறாள். "ஆங்" என்கிறாள். எனக்குக் கேட்டது.

இதற்குமேல் நான் பேசினால் அது வெறும் பேச்சு. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கைமாற்றி அனுப்பிய கைகளுக்கும், லுங்கி மூட்டையில் இடம் கொடுத்த கந்தனுக்கும், காவடியில் கைபேசி கட்டி நடந்த இரண்டு மாநிலத்துக் கால்களுக்கும் நன்றி சொல்லி, எல்லோரும் வீடு போய்ச் சேர வழி இருக்கிறது என்ற நிம்மதியோடு விடைபெறுகிறேன். தணிகைவேலனுக்கு அரோகரா! வணக்கம்.